குறும்பா, குறைபாடா?

வகுப்பில் ஓரிடத்தில் அமராத மாணவன் ‘அடங்காப்பிடாரி’ என்று பெயர் எடுக்கிறான். ஓசையின்றிச் சன்னல் வழியே வெளியே நோக்கிக்கொண்டிருக்கும் மாணவி ‘மந்தபுத்தி’ எனப்படுகிறாள். இவ்விருவரின் நிலைக்கும் ஒரே காரணம் இருத்தல் கூடும். அதுவே கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு. ஏ.டி.எச்.டி. என்னும் சுருக்கப் பெயரால் இது பரவலாக அறியப்படுகிறது. உலகின் பல பகுதிகளில் நடைபெற்ற ஆய்வுகளின்படி, குழந்தைகளில் ஏறத்தாழ 5 சதவீதத்தினரிடம் இது காணப்படுகிறது. அதாவது, நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் இருவர் எனக் கொள்ளலாம். இவர்களைத் தண்டித்துத் திருத்த இயலாது. கோளாறு உண்டா, இல்லையா என்பதை முறையாகக் கணித்தறிவதே முதற்படியாகும்.

அளவுகோல்கள்

இக்கோளாறு புதிதாகத் தோன்றியதன்று. 1902ஆம் ஆண்டிலேயே லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய குழந்தைகளைப் பற்றி விரிவுரை ஆற்றினார். 1980இல் அமெரிக்க மனமருத்துவச் சங்கத்தின் கையேடு கவனக்குறைவை முதன்மைப்படுத்தி இதற்குப் பெயரிட்டது. 2013இல் வெளியான அக்கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகளையும், மிகையியக்கத்திற்கும் உந்துணர்ச்சிக்கும் 9 அறிகுறிகளையும் வகுத்துள்ளது. ஏதேனும் ஒரு பிரிவில் குறைந்தது 6 அறிகுறிகள் ஆறு மாதங்களேனும் நீடித்திருக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் ஆனோர்க்கு 5 போதும். அறிகுறிகளில் பல 12 வயதிற்கு முன்னரே தோன்றியிருக்க வேண்டும். வீடு, பள்ளி, பணியிடம் போன்றவற்றுள் இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். அன்றாட வாழ்வையும் பாதிக்க வேண்டும்.

இவற்றுள் ‘இரண்டு இடங்கள்’ என்னும் விதி மிக முக்கியமானது. பள்ளியில் மட்டும் அமைதியிழக்கும் குழந்தைக்கு வாசிப்பில் இடர்ப்பாடு இருக்கலாம். சக மாணவரின் கொடுமையும் காரணமாகலாம். வீட்டில் மட்டும் அடங்காத குழந்தையின் சிக்கல் குடும்பச் சூழலில் இருக்கலாம்.

மதிப்பீடு நடைபெறும் விதம்

இக்கோளாற்றைக் காட்டிக் கொடுக்கும் இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ இல்லை. எனவே, உளவியலாளர் பல திசைகளிலிருந்து செய்திகளைத் திரட்டுகிறார். கருவுற்ற காலம், பிறப்பு, நடை, பேச்சு, உறக்கம், குடும்பத்தாரின் உடல்நலம் ஆகியவற்றைப் பெற்றோரிடம் விரிவாகக் கேட்டறிகிறார். கானர்ஸ், வான்டர்பில்ட் போன்ற மதிப்பீட்டுப் படிவங்களைப் பெற்றோரும் ஆசிரியரும் தனித்தனியே நிரப்புகின்றனர். 6 முதல் 9 வயது வரையிலான இந்தியக் குழந்தைகளுக்கென இன்க்ளென் அமைப்பு உருவாக்கிய கருவியும் உண்டு.

இதே அறிகுறிகளைத் தோற்றுவிக்கும் வேறு காரணங்களையும் விலக்க வேண்டும். செவிப்புலன், பார்வைக் குறைகள், உறக்கமின்மை, இரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, மனப்பதற்றம், சில நொடிகள் மட்டும் நினைவு தவறும் வலிப்பு ஆகியவை அவற்றுள் சில. மாலின் அறிவுத்திறன் அளவை, பினே-காமத் சோதனை போன்றவை குழந்தையின் ஆற்றலை அறியத் துணைசெய்யும். ஆனால், அவை மட்டுமே இக்கோளாற்றை உறுதிசெய்வதில்லை.

புதிய அறையில், புதியவர் முன்னிலையில் அரைமணி நேரம் அமைதியாக அமர்ந்திருந்தது கொண்டு ‘இவனுக்கு ஒன்றுமில்லை’ என முடிவுகட்டலாகாது. ஒரே சந்திப்பில், ஒரே படிவத்தைக் கொண்டு ‘நோய்’ எனச் சான்றளிப்பதும் அதற்கு ஒப்பான தவறேயாகும்.

பெரியோருக்கும் உண்டு

வளர்ந்தோரிடமும் இக்கோளாறு தொடர்கிறது. துள்ளல் குறைந்து, மறதி, காலதாமதம், தொடங்கிய பணியை முடிக்க இயலாமை ஆகியவை மேலோங்கும். சிறுவயதில் அமைதியாக இருந்த பெண்கள் பலர் கவனிக்கப்படாமலே வளர்ந்துவிடுகின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் 18 வினாக்கள் கொண்ட படிவத்தில் முதல் 6 வினாக்கள் முதற்கட்டச் சல்லடையாகும். அதனைத் தாமே நிரப்புவது நோய்க்கணிப்பாகாது. இளமையிலேயே அறிகுறிகள் இருந்தனவா என்பதை அறியப் பழைய பள்ளி முன்னேற்ற அறிக்கைகளும், பெற்றோர், உடன்பிறந்தோரின் நினைவுகளும் பெரிதும் உதவும்.

யாரை அணுகுவது?

1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு மன்றம் மருத்துவ உளவியலாளர்களைப் பதிவுசெய்கிறது. அப்பதிவு உள்ளதா எனக் கேட்டறிவது பொதுமக்களின் உரிமை. உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. அது மனநல மருத்துவர் அல்லது குழந்தை மருத்துவரின் பொறுப்பு. இதற்கு வழங்கப்படும் மெதில்பெனிடேட் மருந்து, 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது.

பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனமருத்துவ நிலையம் போன்ற அரசு நிறுவனங்களில் இத்துறை வல்லுநர்கள் உள்ளனர். 2013இல் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் நலத்திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரை பல வகை உடல்நலக் குறைகளைக் கண்டறிய வகைசெய்கிறது. அவற்றுள் இக்கோளாறும் ஒன்று. அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுக்கள், ஐயத்திற்குரிய குழந்தைகளை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்புகின்றன. 2022இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 எண்ணில் இலவச ஆலோசனை பெறலாம்.

அறிக்கைக்குப் பின்

பெயர் சூட்டுவதுடன் நல்ல அறிக்கை முடிந்துவிடாது. வீட்டிலும் பள்ளியிலும் செய்ய வேண்டியவற்றைக் கூறும். முன் இருக்கை, சுருக்கமான கட்டளைகள், சிறு பகுதிகளாகப் பிரித்த வீட்டுப்பாடம் ஆகியவை செலவின்றிச் செய்யக்கூடியவை. பள்ளி செல்லா இளங்குழந்தைகளுக்கு மருந்தினும் முதலில் பெற்றோருக்கான பயிற்சியே பரிந்துரைக்கப்படுகிறது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இடம்பெறுகிறது. கவனக்குறைவுக் கோளாறு தனி வகையாகச் சொல்லப்படவில்லை. இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து காணப்படுவதும் உண்டு. ஆகவே, கற்றல் திறனையும் சோதித்துத் தருமாறு பெற்றோர் கேட்பது நலம்.

மதிப்பீட்டின் பெரும்பகுதி ஆசிரியரும் பெற்றோரும் கண்டு சொல்வதையே சார்ந்துள்ளது. ‘படிப்பு வராது’ என்று கூறி ஒரு குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதற்கு முன், அக்குழந்தை எப்போது, எங்கே, எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைச் சில வாரங்கள் குறித்து வைத்து, அக்குறிப்புடன் தகுந்தவரிடம் அழைத்துச் செல்வது அவர்தம் கடமையாகும்.