பெயரை மறைக்கலாம், பொறுப்பை மறைக்கலாகாது

ஸ்காபரோவில் தமிழ்க் கடைக்குச் சென்று மரக்கறியும் மீனும் வாங்கித் திரும்புவோரின் பையில் ஒரு தமிழ்ப் பத்திரிகையும் இருப்பது வழமை. வீட்டுக்கு வந்ததும் பலர் முதலிற் புரட்டுவது மரண அறிவித்தல் பக்கத்தை. அடுத்துப் பார்ப்பது வாசகர் கடிதங்களை. ஊரில் எவர் மறைந்தார், இங்கே எவர் என்ன சொல்கிறார் என்பவற்றை அறியும் ஆவல் நம்மோடு கூடப் பிறந்தது. மண்ணைப் பிரிந்து வந்தோருக்குச் சந்தியும் கோயில் வீதியும் வாசிகசாலைத் திண்ணையும் இப்பக்கங்களே எனலாம்.

திண்ணைப் பேச்சுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. பேசுபவரின் முகம் தெரியும். யாருடைய பிள்ளை, எந்தக் குறிச்சி என்பதும் தெரியும். ஆகவே நாவை அடக்கிப் பேசினர். அச்சில் ஏறும் எழுத்துக்கோ முகமில்லை. வாசகர் பக்கத்துக்கு எழுத முனைவோர் எவற்றை மனங்கொள்ள வேண்டும் என்பதை இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

பெயரின்றி அச்சேறக் கோரும் கடிதங்கள் இரு வகைப்படும். அகதிக் கோரிக்கைக்கு இன்னும் முடிவு காணாத ஒருவர் தம் இன்னலை எழுதி, 'என் பெயரைப் போடவேண்டாம், அம்மா ஊரில் தனியே இருக்கிறா' என்று அடியிற் குறிப்பது ஒரு வகை. கோயில் நிர்வாகத்திலோ ஊர்ச் சங்கத்திலோ உள்ள ஒருவர் பணத்தைச் சுருட்டிவிட்டார் என்று எழுதப்பட்டு, அனுப்பியவர் யாரென்றே தெரியாமல் வந்து விழுவது மற்றொரு வகை. இதனையே மொட்டைக் கடிதம் என்போம். இரண்டிலும் பெயர் இல்லை. ஆயினும் முன்னவர் தம் பெயரை மறைக்கிறார். பின்னவர் தம் பொறுப்பை மறைக்கிறார். இவ்வேறுபாடே நாம் கூறப்போகும் யாவற்றுக்கும் அடிப்படை.

பி010 என்றொரு மனிதர்

பெயரை மறைப்பது கோழைத்தனம் என வாதிடுவோர் நம்மிடையே உளர். அவர்கள் கனடாவின் அதியுயர் நீதிமன்றம் 2015 நவம்பர் 27ஆம் திகதி வழங்கிய தீர்ப்பொன்றை அறிதல் நன்று. 2010 ஆகஸ்டில் 492 தமிழர்களுடன் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை அடைந்த 'சன் சீ' கப்பலில் வந்த சிலர், பயணத்தின்போது கப்பலில் வேலை செய்தமையால் ஆட்கடத்தலுக்குத் துணைபோனவர்கள் எனக் கருதப்பட்டனர். அவர்களுடைய அகதிக் கோரிக்கையின் கதவு மூடப்பட்டது. அவர்களுள் ஒருவர் இயந்திர அறையில் வெப்பத்தையும் நீரையும் எண்ணெயையும் கவனித்தவர். இன்னொருவர் சமையலுக்கும் கண்காணிப்புக்கும் உதவியவர். அகதிகள் ஒருவருக்கொருவர் செய்யும் இத்தகைய உதவி ஆட்கடத்தல் ஆகாது என்று நீதிமன்றம் கூறி, அவர்களின் விவகாரத்தை மீளாய்வுக்கு அனுப்பியது.

இத்தீர்ப்பில் இயந்திர அறையில் நின்றவரின் பெயர் 'பி010'. சமையலுக்கு உதவியவர் 'பி306'. நாட்டின் அதியுயர் மன்றம் அவர்களின் செயல்களை ஒன்றுவிடாமல் ஆராய்ந்தது, நாளேடுகள் எழுதின, சட்டத்தரணிகள் இன்றும் மேற்கோள் காட்டுகின்றனர். இவற்றுள் எதற்கும் அவர்களின் பெயர் தேவைப்படவில்லை. என்ன நடந்தது என்பதே பொதுநலனுக்கு வேண்டியது. யாருக்கு நடந்தது என்பது எப்போதும் வேண்டியதன்று.

2001ஆம் ஆண்டின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம், அகதிக் கோரிக்கை விசாரணைகள் பொதுவாகப் பொதுமக்களை விலக்கியே நடைபெற வேண்டும் என்கிறது. ஒருவர் இங்கு கூறும் வாக்குமூலம் அவர் தப்பி வந்த இடத்தை எட்டினால், ஊரில் எஞ்சியுள்ள தாயும் தம்பியும் அதற்கு விலை கொடுக்க நேரலாம் என்ற அச்சமே இதன் காரணம். நீதிபதி அடைத்த கதவை நாம் நம் பேனாவால் திறந்துவிடலாமா?

பெயரை நீக்கிவிட்டால் மட்டும் போதுமென எண்ணுவதும் தவறு. நம் சமூகம் சிறியது. ஊர், படித்த பாடசாலை, வந்து சேர்ந்த மாதம், இப்போது வேலை செய்யும் உணவகம் ஆகிய நான்கும் ஒரு பந்தியில் வந்தால் வாசிப்போர் ஆளைக் கண்டுகொள்வர். ஆகவே பிறருடைய கதையை எழுதுமுன் அவரது சம்மதத்தைப் பெறுங்கள். சம்மதித்தாலும் அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிருங்கள்.

மரண அறிவித்தலுக்கும் இது பொருந்தும். மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என நிரை நிரையாகப் பெயரிட்டு அடைப்புக்குறிக்குள் 'கனடா', 'சுவிஸ்', 'ஜேர்மனி' என்று குறிப்பது நம் மரபு. அதில் அன்பும் உண்டு, பெருமையும் உண்டு. ஆனால் அந்த நிரையில் தாம் இருக்குமிடம் வெளிப்படுவதை விரும்பாத ஒருவரும் இருக்கக்கூடும். அறிவித்தலைக் கொடுக்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது, இறந்தவருக்குச் செய்யும் மரியாதையைக் குறைத்துவிடாது.

உதயதாரகை காட்டிய வழி

பெயரின்றி எழுதுவது நம் பத்திரிகை மரபுக்குப் புதிதன்று. 1841 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனைச் சார்ந்தோர் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக 'உதயதாரகை'யைத் தொடங்கினர். சைவ வழிபாட்டைக் கண்டிக்கும் எழுத்துகள் அதில் இடம்பெற்றன. அவற்றுக்கு மறுப்பாக, விவிலியத்தையே சான்றாகக் கொண்டு, பழைய யெருசலேம் ஆலய வழிபாட்டுக்கும் சைவாலய வழிபாட்டுக்கும் உள்ள ஒப்புமையை எடுத்துக்காட்டி, பெயர் குறிப்பிடாத கடிதமொன்று அதே பத்திரிகையில் வெளிவந்தது. எழுதியவர் 1822இல் பிறந்த ஆறுமுகம் என்னும் இளைஞர். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் 'நாவலர்' பட்டம் வழங்கியது இவருக்கே.

இதில் நாம் கற்கவேண்டியவை இரண்டு. எழுதியவர் எதிர்த்தரப்பின் நூலைக் கற்று, அவர்கள் ஒப்புக்கொள்ளும் ஆதாரத்தைக் கொண்டே வாதிட்டார்; எந்தப் பாதிரியாரின் குடும்பத்தையும் சாதியையும் இழுக்கவில்லை. வெளியிட்டவர்களோ தம் கொள்கையையே மறுக்கும் கடிதத்தைத் தம் செலவில் அச்சிட்டனர். தமக்கு உவப்பில்லாத கடிதத்தைக் குப்பைக்கூடையில் இடாமை பத்திரிகையின் கடமை. கருத்தை மட்டும் தாக்கி ஆளை விடுவது எழுதுவோரின் கடமை.

கடிதத்தின் சுமை யார் தலையில்?

'அது வாசகரின் கருத்து, நமக்குப் பொறுப்பில்லை' என்று அடிக்குறிப்பு இட்டால் சட்டம் விட்டுவிடும் எனப் பலர் நம்புகின்றனர். சஸ்காட்டூன் நகர நாளேடான 'ஸ்டார்-பீனிக்ஸ்' ஒருமுறை இதன் விலையை உணர்ந்தது. பூர்வகுடி மக்களுக்கான குடிமறுவாழ்வு நிலையம் பற்றிய சர்ச்சையில், நகரசபை உறுப்பினர் ஒருவரை இனவாதியெனச் சாடிச் சட்ட மாணவர் இருவர் எழுதிய கடிதத்தை அது வெளியிட்டது. உறுப்பினர் வழக்குத் தொடுத்தார். எழுதிய மாணவர்கள் சாட்சியம் அளிக்கவில்லை. அக்கருத்து தமதன்று என்றனர் ஏட்டினர். அவ்வாறாயின் அதனை நேர்மையாகக் கொண்டவர் எவரென நிறுவப்படாத நிலையில், நியாயமான விமர்சனம் என்ற எதிர்வாதம் நிற்காது என 1978இல் அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் ஒன்ராறியோ உட்படச் சில மாகாணங்கள் சட்டத்தைத் திருத்தின. 2008இல் அதியுயர் நீதிமன்றமும் இந்த அளவுகோலைத் தளர்த்தியது. ஆயினும், நடக்காததை நடந்ததென எழுதுவதற்கு நியாயமான விமர்சனம் என்ற எதிர்வாதம் பாதுகாப்பு அளிக்காது. 'ஊரெல்லாம் கதைக்கிறார்கள், அதைத்தான் எழுதினேன்' என்பதும் எதிர்வாதம் ஆகாது.

ஒன்ராறியோவின் அவதூறுச் சட்டப்படி, மாகாணத்தில் வெளியாகும் பத்திரிகையால் பாதிக்கப்பட்டவர், அதனை அறிந்த ஆறு வாரங்களுக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். நல்லெண்ணத்துடன் நேர்ந்த தவறாயின், காலந்தாழ்த்தாது முழுமையான திருத்தம் வெளியிடுவது நட்டஈட்டுப் பொறுப்பைக் குறைக்கவல்லது. ஆகவே தவறு நேர்ந்தால் உடனே தெரிவியுங்கள். திருத்தம் கேட்பது எவருக்கும் இழுக்கன்று.

இதனைப் படித்து எவரும் வாய்மூடிவிடக் கூடாது. பொதுநலன் சார்ந்த பேச்சை வழக்கால் அடக்குவோருக்கு எதிராக 2015இல் ஒன்ராறியோ தனிச் சட்டமே இயற்றியுள்ளது. பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது அவதூறன்று. 'தலைவர் காசைத் திருடினார்' என்று ஆதாரமின்றி எழுதுவது பழி. 'இரண்டு ஆண்டுகளாக ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு வைக்கப்படவில்லை, ஏன்?' என்று, உண்மை அதுவாயின், கேட்பது அங்கத்தவரின் உரிமை. முதலாவது வசனம் வழக்கில் முடியும். இரண்டாவது கணக்கை வெளிக்கொணரும்.

எழுதுவோர் மனங்கொள்க

1. உங்கள் உண்மைப் பெயரும் முகவரியும் ஆசிரியருக்குத் தெரிந்திருக்கட்டும். வேண்டாமென்றால் அவை அச்சேறா.

2. கண்டதையும் கேட்டதையும் பிரித்து எழுதுங்கள். கேட்டதாயின் உறுதிசெய்த பின் அனுப்புங்கள்.

3. சாதி, சமயம், பிறந்த ஊர், ஒருவரது குடிவரவு நிலை ஆகியவற்றை விவாதத்துக்குள் இழுக்காதீர்கள். 'அவனுடைய கேஸ் பொய்க் கேஸ்' என்ற ஒரு வரி ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே குலைக்கவல்லது.

4. ஒரு கடிதத்தில் ஒரு விடயத்தையே பேசுங்கள். அதையும் சுருங்கச் சொல்லுங்கள்.

5. சாடப்பட்டவருக்குப் பதிலளிக்கும் இடம் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டே எழுதுங்கள்.

வள்ளுவர் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமும், அதனை அடுத்துப் பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். வாசகர் கடிதத்துக்கு இவற்றினும் சிறந்த விதிகளை நாம் வகுத்துவிட முடியாது.

அம்மா ஊரில் தனியே இருக்கிறா என்று எழுதிய அன்பர் போன்றோர்க்கு நாம் கூறுவது இதுவே: தயங்காது எழுதுங்கள். உங்கள் பெயர் நம்மிடம் பத்திரமாக இருக்கும். மொட்டைக் கடிதம் அனுப்புவோருக்கும் இப்பக்கத்தில் இடமுண்டு. முதலில் தாம் யாரென்று நம்மிடம் சொல்லட்டும்.