உங்கள் உடல், உங்கள் முடிவு – 9: ஆபரேஷன் ஒன்றுதான் வழியா?

புதன்கிழமை தடுப்பூசி நாள். செட்டிநாட்டு நாச்சியாபுரத்தில், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த பெண்களோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒருத்திக்கு இருபத்து நான்கு வயது இருக்கும், எட்டாம் மாதம். மூத்தவன் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். “இது பொறந்ததும் அங்கனயே ஆபரேசன் பண்ணிரச் சொல்லிட்டாக அயித்தை” என்றாள். நீ என்னம்மா நினைக்கிறாய் என்று கேட்டேன். “நெனைக்க என்னக்கா இருக்கு? எல்லாரும் அதத்தான பண்ணிக்கிறாக.”

அவள் சொன்னது உண்மை. 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு 58 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான். காப்பர் டி, மாத்திரை, ஊசி, ஆணுறை எல்லாவற்றையும் கூட்டினாலும் நூற்றுக்குப் பத்தைத் தொடவில்லை.

எப்போதுமே இப்படி இருக்கவில்லை. 1952ல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக அறிவித்தது. உலகிலேயே முதலில் அப்படிச் செய்த நாடு இது. 1950களின் பிற்பகுதியில் சென்னை மாநில அரசு ஆபரேஷன் செய்துகொள்பவருக்கு ரொக்கம் கொடுக்கத் தொடங்கியபோது முன்வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஆண்களின் ஆபரேஷனான வாசக்டமியைப் பரப்பியதால், பின்னாளில் தலைமைச் செயலாளரான டி.வி. அந்தோணியை ‘வாசக்டமி அந்தோணி’ என்றே சொல்வார்கள். அப்புறம் நெருக்கடிநிலை வந்தது. 1976-77 என்ற ஒரே ஆண்டில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள். அதில் முக்கால் பங்கு ஆண்களுக்கு, பலருக்குக் கட்டாயத்தின் பேரில். அந்த அச்சமும் கோபமும் தணியவே இல்லை. அதன் பிறகு எந்த அரசும் ஆண்களிடம் அழுத்திக் கேட்கத் துணியவில்லை. பாரம் பெண்கள் தலைக்கு மாறியது. பிரசவங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்ட பின், அதே கட்டிலில், அதே வாரத்தில் முடித்துவிடுவது எல்லாருக்கும் வசதியாகிப்போனது.

நான் ஆபரேஷனுக்கு எதிரி இல்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் அதே கணக்கெடுப்பின்படி 1.8. எட்டும் பத்தும் பெற்றுத் தேய்ந்துபோன அப்பத்தாக்களைப் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். “போதும்” என்று தானே தீர்மானித்தவளுக்கு அது நல்ல வழி. ஆனால் மற்ற வழிகளைக் கேள்விப்படாமலே கையெழுத்துப் போடுபவள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. இங்கே பெரியாரை அறியாதவர்கள் குறைவு. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் கர்ப்பத்தடைக்கென்றே அவர் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். மற்றவர்கள் உடல்நலத்துக்காகவும் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் கர்ப்பத்தடை கேட்டபோது, அவர் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்டார். அரசு எடுத்துக்கொண்டது முந்திய காரணங்களைத்தான்.

24 வயதில் கருக்குழாயைக் கட்டிக்கொள்பவளுக்கு இன்னும் இருபது ஆண்டுகள் பிள்ளை பெறும் வயது மிச்சம் இருக்கிறது. அந்த இருபது ஆண்டுகளில் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? 2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். நாகப்பட்டினம், கடலூர் கரைகளில் சுனாமிக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களில் பலர் ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். குழாயைத் திரும்ப இணைக்கும் அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்து தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. சிலர் மறுபடி தாயானார்கள், சிலருக்கு அது வாய்க்கவில்லை. குழாய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எந்த இடத்தில் வெட்டிக் கட்டினார்கள், பெண்ணுக்கு என்ன வயது என்பதையெல்லாம் பொறுத்தது அது. திரும்ப இணைக்கலாம் என்ற நம்பிக்கையில் யாரும் ஆபரேஷனுக்குப் படுக்கக் கூடாது.

ஆகவே முதலில் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது: இனி வேண்டவே வேண்டாமா, அல்லது இப்போதைக்கு வேண்டாமா?

இப்போதைக்கு வேண்டாம் என்றால் காப்பர் டியைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் பயம் பாதி போய்விடும். மூன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான, வளையக்கூடிய வெள்ளை பிளாஸ்டிக். தண்டில் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். கீழே இரண்டு நூல் தொங்கும். செம்பு விந்தணுவைச் செயலிழக்க வைக்கிறது, கரு உருவாவதற்கு முன்பே வேலை முடிந்துவிடுகிறது. ‘380 ஏ’ வகை பத்தாண்டு தாங்கும். நஞ்சுக்கொடி விழுந்த பத்து நிமிடத்துக்குள்ளோ, பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளோ கருப்பைக்குள் போட்டுவிடலாம். வேண்டாம் என்று தோன்றிய அன்றே எடுத்துவிடலாம், அடுத்த மாதமே கரு தரிக்கலாம். நெஞ்சுக்கு ஏறிவிடும் என்பதெல்லாம் கதை. முதல் ஆண்டில் தவறுவது ஆயிரத்தில் எட்டுப் பேருக்கு. குழாய் கட்டிய பிறகும் ஆயிரத்தில் ஐந்து பேருக்குத் தவறுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அதற்காக எல்லாருக்கும் அது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். போட்ட முதல் சில மாதங்கள் உதிரப்போக்கும் வயிற்று வலியும் கூடும். நம் மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. ஏற்கெனவே அதிகம் போகிறவள், ஹீமோகுளோபின் குறைந்தவள், முதலில் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். அவளுக்கு ‘அந்தரா’ ஊசி ஏற்றதாக இருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அரசு மருத்துவமனையில் இலவசம். பாலூட்டுகிறவர்கள் பிரசவமாகி ஆறு வாரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம். இந்த ஊசியில் மாதவிலக்கு தாறுமாறாகும், போகப்போக நின்றும்விடலாம். கெட்ட ரத்தம் உள்ளே சேர்கிறது என்று பயப்பட வேண்டியதில்லை. கருப்பையின் உட்படலம் மெலிந்திருப்பதால் வெளியேற எதுவும் இல்லை, அவ்வளவே. ஊசியை நிறுத்திய பிறகு கரு தரிக்கச் சில மாதங்கள் பிடிக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘சாயா’ மாத்திரை நம் நாட்டுக் கண்டுபிடிப்பு, லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் உழைப்பு. ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரம் ஒன்று. பாலூட்டும் தாய்க்கும் ஏற்றது. தினமும் போடும் ‘மாலா-என்’ அப்படியல்ல. பிரசவமாகி ஆறு மாதம் வரை பாலூட்டுகிறவர்கள் தொடக் கூடாது. ரத்த அழுத்தம் உள்ளவர்களும், கண்ணில் மின்னலடித்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்களும், ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்த வரலாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

செட்டிநாட்டுக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஒரு காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன ஊர்கள் இவை. இன்றும் சிங்கப்பூர், வளைகுடா என்று எத்தனையோ கணவர்கள் ஆண்டுக்கு ஒரு மாத விடுப்பில்தான் வீடு வருகிறார்கள். அந்த ஒரு மாதத்துக்காகப் பதினொரு மாதம் தினமும் மாத்திரை போடுவதில் அர்த்தமில்லை. ஆணுறையைச் சரியாகப் பயன்படுத்தினால் ஓராண்டில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் தவறுகிறது. நடைமுறையில் பதின்மூன்று பேருக்குத் தவறுகிறது. ஆகவே அது கணவனின் கவனத்தை நம்பியது. எய்ட்ஸிலிருந்தும் பால்வினை நோய்களிலிருந்தும் காப்பது ஆணுறை மட்டும்தான். வேறு எந்த முறைக்கும் அந்தச் சக்தி கிடையாது.

இரண்டு பேருமே “இனி வேண்டாம்” என்று முடிவெடுத்திருந்தால், ஏன் அவள் வயிறு? தழும்பில்லா வாசக்டமி 1974ல் சீன மருத்துவர் லி ஷுன்சியாங் உருவாக்கிய முறை. கத்தி கிடையாது, மரத்துப்போக ஊசி போட்டு, விதைப்பையில் ஒரு சிறு துளையிட்டு, விந்துக்குழாயை வெளியே இழுத்துக் கட்டித் துண்டிக்கிறார்கள். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், தையல் இல்லை, அன்றைக்கே நடந்து வீடு போகலாம். பெண்ணுக்கோ வயிற்றைத் திறக்க வேண்டும். 2014ல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் நடந்த முகாமுக்குப் பிறகு பதின்மூன்று பெண்கள் இறந்தார்கள். 2016ல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட முகாம்களையே நிறுத்தச் சொன்னது. ஆணின் ஆபரேஷனால் ஆண்மை போவதில்லை, மூட்டை தூக்கும் பலம் குறைவதில்லை. ஹார்மோன் பழையபடியே சுரக்கிறது. ஒன்றே ஒன்று: முதல் மூன்று மாதம் குழாயில் விந்தணு மிச்சம் இருக்கும். பரிசோதனையில் இல்லை என்று தெரியும்வரை ஆணுறை வேண்டும். வாசக்டமி பலிக்கவில்லை என்று சொல்லப்படும் கதைகளில் பல, இதைக் கேளாதவர்களுடையவை.

இனி, கையெழுத்து. ஆபரேஷன் செய்துகொள்ள மணமான பெண்ணுக்கு 22 வயதாவது ஆகியிருக்க வேண்டும்; ஒரு வயது தாண்டிய பிள்ளை ஒன்றாவது இருக்க வேண்டும். ஆண் பிள்ளை இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கணவன் கையெழுத்து தேவையில்லை. வலி எடுத்துக் கத்திக்கொண்டிருப்பவளிடமோ மயக்க மருந்தில் இருப்பவளிடமோ ஒப்புதல் வாங்கக் கூடாது. அதனால் ஏழாம் மாதத்திலேயே கிராம சுகாதார செவிலியரிடம் எல்லா முறைகளையும் கேளுங்கள், அவர் ஒன்றை மட்டும் சொன்னால், “வேறென்ன இருக்கு சிஸ்டர்?” என்று திரும்பக் கேளுங்கள். ஒப்புக்கொண்ட பிறகும், மேஜையில் படுக்கும் நொடி வரை மனம் மாறலாம். மறுத்ததற்காக வேறு எந்தச் சிகிச்சையையும் உங்களுக்கு நிறுத்த முடியாது.

நாச்சியாபுரத்துப் பெண்ணிடம் இவற்றில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. காப்பர் டி போட்டுக்கொண்டு ரெண்டு வருசம் பார்க்கலாமா என்று வீட்டில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னாள். “அவுகளுக்கு அந்த ஆம்பள ஆபரேசனப் பத்தி நீங்களே போன்ல சொல்றீகளா அக்கா?” என்றும் கேட்டாள். சொல்கிறேன் என்றேன்.

ஆணுறை கிழிந்துவிட்டது, மாத்திரை விட்டுப்போனது என்றால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய அவசர மாத்திரை ஒன்று உண்டு. மருந்துச் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்பது சட்டம். தமிழ்நாட்டில் பல கடைகளில் கேட்டால் இல்லை என்கிறார்கள். ஏன் இந்த நிலை, எங்கே கிடைக்கும் என்பது அடுத்த இதழில்.