இலைத்துளையின் காவலர்

செடிகொடிகளுக்கு இலையே அடுக்களை. அங்குக் கதிரவன் ஒளியே அனல். வேர் அனுப்பும் நீரும் காற்றிலுள்ள கரியமிலவாயுவும் சமையலுக்குரிய பொருள்கள். காற்று உட்புகுவதற்கென இலையின் புறத்தோலில் நுண்ணிய துளைகள் பல அமைந்துள்ளன. இவை இலைத்துளைகள் எனப்படும். துளை திறந்தால் காற்று உட்புகும்; அதே வழியில் நீர் ஆவியாகி வெளியேறும். மூடியே கிடந்தால் நீர் எஞ்சும். உணவு ஆக்க வழியிராது. ஆதலின், வேளையறிந்து திறக்கவும் மூடவும் வல்ல காவலர் இருவர் ஒவ்வொரு துளைக்கும் வேண்டும். அவரை விதை வடிவில் எதிரெதிரே அமைந்த இரண்டு காப்பு உயிரணுக்களே அக்காவலர்.

இக்காவலர் எவ்வாறு தோன்றுகின்றனர்? விலங்கின் உடலில் சில உயிரணுக்கள் இடம் விட்டு இடம் பெயரும். தாவர உயிரணுவோ தன் சுவரால் அண்டை உயிரணுக்களோடு ஒட்டிக்கொண்டிருப்பது. அது பிறந்த இடத்திலேயே வாழ்ந்து முடியும். எனவே, ஓர் உயிரணு எங்கே, எவ்வாறு, எத்தனை முறை பிரிகின்றது என்பது, அதன் சேய்கள் எத்தொழிலை மேற்கொள்ளும் என்பதோடு நெருங்கிய தொடர்புடையது.

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் இத்தொடர்பு நன்கு ஆராயப்பட்டுள்ளது. அதன் இளந்தளிரின் புறத்தோலில் ஓர் உயிரணு முதலில் சமமின்றிப் பிரிகின்றது. சேய்களுள் ஒன்று சிறியது, மற்றொன்று பெரியது. பெரியது பெரும்பாலும் வளைந்த ஓரங்களையுடைய பொது உயிரணுவாகி, தளத்தில் பாவிய கல்லைப் போல அண்டையோடு இசைந்து விடும். சிறியதே காவலர் மரபிற்குரியது. அது மேலும் சில முறை அவ்வாறே பிரிதலும் உண்டு. பின்னர் அது திரண்டு, காவலரை ஈனும் தாயுயிரணு ஆகின்றது. அத்தாய் ஒரே ஒரு முறை, சரிபாதியாகப் பிரிகின்றது. பிறந்த இரண்டும் காவலராகின்றன. அதன்பின் அவை பிரிவதில்லை. அவ்விரண்டிற்கும் இடையே துளை உண்டாகின்றது.

சமமற்ற பிரிவுக்கு முன்னரே உயிரணுவின் ஓர் ஓரத்தில் ஒரு புரதம் திரண்டு நிற்கும். பிரிவின்போது அவ்வோரம் பெரிய சேயின் பங்காகின்றது. இப்புரதம் இல்லாத செடியில் பிரிவுகள் சமமாகிப்போகும். சேய்களும் தத்தம் தொழில் தெளியாது மயங்கும். இது 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின் முடிவு.

இவ்வரிசையை நடத்துவன மூன்று மரபணுக்கள். இலைத்துளையைக் குறிக்கும் அறிவியற் பெயர் கிரேக்க மொழியில் 'வாய்' எனப் பொருள்படும். ஆதலின், அவற்றிற்கும் வாயைச் சார்ந்த பெயர்களே இடப்பட்டன. முதலாவது 'ஸ்பீச்லெஸ்', அதாவது பேச்சற்றது. இரண்டாவது 'மியூட்', அதாவது ஊமை. மூன்றாவது 'ஃபாமா', உரோமர் கூறிய வதந்தித் தெய்வத்தின் பெயர். மூன்றாவதன் செயல் 2006ஆம் ஆண்டிலும், ஏனை இரண்டின் செயல் 2007ஆம் ஆண்டிலும் வெளியாயின.

முதலாவது சமமற்ற பிரிவைத் தொடங்கி வைக்கின்றது. அது கெட்டால் பிரிவே நிகழாது, காவலரும் தோன்றார். இரண்டாவது அப்பிரிவை நிறுத்தித் தாயுயிரணுவை ஆக்குகின்றது. அது கெட்டால் சிறிய சேய் அளவு மீறிப் பிரிந்து, காவலராகாமலே நின்றுவிடும். மூன்றாவது இறுதிப் பிரிவோடு எல்லை வகுத்துக் காவலர் தொழிலை அளிக்கின்றது. அது கெட்டால் சேய்கள் மீண்டும் மீண்டும் பிரிந்து, மெலிந்த உயிரணுக்களாய் நெருங்கி அடுக்கி நிற்கும். நடுவே துளை உண்டாகாது. மூன்றனுள் எது கெடினும் கேடு ஒன்றே. துளையற்ற செடி வெளிறிக் குன்றி, தழைக்க மாட்டாது வாடும்.

பிரிவு இல்லையேல் காவலர் இல்லை. பிரிவு ஓயாவிடினும் காவலர் இல்லை. தொடங்க வேண்டிய வேளையில் தொடங்கி, நிற்க வேண்டிய வேளையில் நின்றாலன்றித் தொழில் கைகூடாது. கண்ணுக்குப் புலப்படாத இவ்வொழுங்கின் மீதே பசுமை அனைத்தும் நிற்கின்றது.