பக்கப் பார்வை பறிபோகும்போது

நீலகிரி மலைகளில் வாழும் நமக்கு மூடுபனி புதிதன்று. குன்னூர்ப் பள்ளத்தாக்கைப் பனி மூடும்போது, எதிரே உள்ளது மறைகிறது என்பதை நாம் அறிகிறோம். அறிவதால் நடையைத் தளர்த்துகிறோம். ஓட்டுநர்களும் விளக்கை எரியவிட்டு மெல்லச் செல்கின்றனர். ஆனால், உள்ளதை மறைப்பதோடு, தான் மறைத்ததையும் மறைத்துவிடும் ஒரு பனி உண்டு. கண்ணின் பார்வைப் பரப்பில் ஒரு பகுதி அழிந்துபோவதே அது.

பார்வைப் பரப்பு என்பது யாது?

தலையையும் விழியையும் அசைக்காமல் நேரே நோக்கும்போது எவ்வளவு இடம் புலப்படுகிறதோ, அதுவே பார்வைப் பரப்பு. நலமான ஒரு கண்ணுக்கு அது காதுப் பக்கம் ஏறத்தாழ 90 பாகையும், மூக்குப் பக்கமும் மேலேயும் 60 பாகையும், கீழே 70 பாகையும் விரியும். எழுத்தை வாசிக்க உதவுவது நடுப்பார்வை. அதைச் சூழ்ந்து நின்று நம்மைக் காவல் செய்வது பக்கப் பார்வை.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் நோக்கு இரண்டு இலையிலும் ஒரு மொட்டிலும் பதிந்திருக்கையில், ஓரத்தில் அசையும் காட்டெருமையை அவளுக்கு உணர்த்துவது பக்கப் பார்வையே. மழையில் வழுக்கும் படிகளில் கால் தவறாமல் காப்பது கீழ்ப்பார்வை. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில், ஓட்டுநர்க்கு இவையனைத்தும் இன்றியமையாதவை.

வீட்டிலேயே ஒரு சோதனை

வெள்ளைத் தாளில் இடப்புறம் ஒரு சிலுவைக் குறியும், அதிலிருந்து வலப்புறம் 8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கரும்புள்ளியும் இடுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் சிலுவைக் குறியையே உற்றுநோக்கியவாறு தாளை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவில் புள்ளி மறைந்துவிடும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் அணுக்கள் இல்லாமையே இதற்குக் காரணம். இக்குருட்டிடத்தை 1660-களில் கண்டு கூறியவர் எட்மே மரியோட் என்னும் பிரெஞ்சுக் குருவானவர்.

புள்ளி மறைந்த இடத்தில் நமக்குத் தெரிவது இருளா? இல்லை, வெறும் வெள்ளைத் தாளே. சுற்றிலும் உள்ளதைக் கொண்டு மூளை அவ்விடத்தை நிரப்பிவிடுகிறது. நோயால் பார்வைப் பரப்பு குறையும்போதும் பெரும்பாலும் இதுவே நிகழ்கிறது. மேலும், ஒரு கண் இழந்ததை மறு கண் ஈடுசெய்கிறது. ஆகவே நோயாளி தன் இழப்பை உணர்வதில்லை.

காரணங்கள்

முதன்மையானது, கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய். இது பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக அரிக்கிறது. பெரும்பாலும் வலியில்லை, சிவப்பில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தமிழகத்தின் தென் மாவட்டங்களில், 40 வயதும் அதற்கு மேலும் ஆன ஏறத்தாழ 5,000 பேரிடம் நடத்திய ஆய்வு 2003-இல் வெளியாயிற்று. நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருந்தது. அதன் மிகப் பொதுவான வகையால் தாக்குண்டோரில் 93 விழுக்காட்டினர், அதுவரை தமக்கு அந்நோய் உண்டென்று கண்டறியப்படாதவர்கள்!

புரை வேறு, இது வேறு. புரையை அகற்றினால் பார்வை திரும்பும். கிளாக்கோமாவால் இழந்தது திரும்பாது. எஞ்சியதைக் காக்கவே சொட்டு மருந்தும் அறுவை சிகிச்சையும் பயன்படுகின்றன.

இரண்டாவது, பக்கவாதம். மூளையின் பின்பகுதியில் வலப்புறம் பழுதுற்றால், இரு கண்களுக்கும் இடப்பாதி உலகம் மறையும். மூன்றாவது, பிறவி வழியாக வரும் விழித்திரை நோய். மாலைக்கண்ணாகத் தொடங்கி, குழாய்வழிப் பார்ப்பது போலப் பரப்பு சுருங்கும். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம்.

பழி சுமத்தலாகாது

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பார்வைப் பரப்பு 10 பாகைக்குக் குறைந்தவர் பார்வையற்றவரே. 10 முதல் 40 பாகைக்குட்பட்டவர் குறை பார்வையினர். அத்தகையோர் எழுத்துப் பலகையின் கடைசி வரியைக்கூட வாசித்துவிடலாம். அதனால்தான், “பேப்பர் படிக்கத் தெரிகிறது, எதிரே இருக்கும் நாற்காலி தெரியவில்லையா?” என்று வீட்டார் கடிந்துகொள்கின்றனர். தட்டில் பாதிச் சோற்றை மட்டும் உண்டு எழும் முதியவரைப் பிடிவாதக்காரர் என்கிறோம். வழியில் கண்டும் பேசாமல் போனவரைக் கர்வி என்கிறோம். அவர்கள் காணவில்லை, காணவில்லை என்பதையும் அறியவில்லை. இழப்பினும் கொடியது இப்பழிச்சொல்.

நாம் செய்யத்தக்கவை

நாற்பது வயதைக் கடந்தோர் கண்ணாடி மாற்றச் செல்லும்போதே, கண் அழுத்தத்தோடு பார்வை நரம்பையும் ஆராயும்படி மருத்துவரைக் கேட்க வேண்டும். அழுத்தம் மிகாமலும் இந்நோய் வருவதுண்டு. ஐயமிருப்பின் பார்வைப் பரப்புச் சோதனை நடைபெறும். கிண்ணம் போன்ற கருவியுள் நோக்கி, ஒளிப்பொட்டு தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவே. பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ கிளாக்கோமா இருப்பின் சோதனை கட்டாயம் தேவை. சொட்டு மருந்தை வலியில்லையென்று நிறுத்தலாகாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கி இடுவதும் கேடு. அதனாலேயே கண் அழுத்தம் ஏறக்கூடும்.

பக்கவாதத்தால் பாதிப் பார்வை இழந்தவர், மறைந்த பக்கம் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும். இடப்பக்கம் தெரியாதவர்க்கு, பக்கத்தின் இட ஓரத்தில் சிவப்புக் கோடு இட்டுக் கொடுத்தால் வரியின் தொடக்கம் தவறாது. படிகளின் விளிம்பில் வெள்ளைச் சுண்ணம் பூசலாம். நடைவழியில் வாளியும் விறகும் கிடக்க விடலாகாது.

இந்நோயாளி தாமே வந்து குறை சொல்வார் என்று காத்திருத்தல் வீண். அடிக்கடி தட்டித் தடுமாறுகிறவர், படியிறங்கத் தயங்குகிறவர், மாலையானதும் வெளியே செல்ல மறுக்கிறவர் நம் வீட்டில் இருப்பின், கடிந்துகொள்வதை விட்டு, கைப்பிடித்துக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அவர் காணாத பக்கத்தை அவருக்காகக் காண வேண்டியவர்கள் வீட்டார்தாமே!