நார்ச்சத்து செரிக்காது, பிறகு ஏன் சாப்பிட வேண்டும்?

திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் உள்ள கிளியனூர் வட்டாரத்தில் ஒரு காலத்தில் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியுமே உழைப்பவர்களின் உணவு. இன்று அந்த இடத்தில் தீட்டிய அரிசிச் சோறு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி, 100 கிராம் கம்பிலும் கேழ்வரகிலும் சுமார் 11 கிராம் நார்ச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை.

சர்க்கரை எப்படிக் கட்டுப்படுகிறது?

நம் குடலில் நார்ச்சத்தைச் செரிக்கும் நொதிகள் இல்லை. நீரில் கரையும் நார் கொழகொழப்பாகி உணவோடு கலக்கிறது. அதனால் குளுக்கோஸ் மெதுவாகவே ரத்தத்தில் சேர்கிறது.

கொலஸ்ட்ரால் ஏன் குறைகிறது?

அதே நார் பித்த அமிலங்களைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. புதிய பித்தம் சுரக்க, கல்லீரல் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது.

பெருங்குடலுக்கு என்ன பயன்?

அங்குள்ள பாக்டீரியாக்கள் நாரை நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவர்ச் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். கரையாத நார் மலச்சிக்கலைத் தவிர்க்கிறது.

எவ்வளவு தேவை?

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுண்டல், கீரை, அவரை, கொய்யா எல்லாம் கைகொடுக்கும். தானியத்தை நைசாக அரைத்தால் ரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறும். குருணையாக உடைத்துச் சமைப்பது மேல். நார்ச்சத்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டி, தண்ணீரும் நிறையக் குடியுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் அதை நிறுத்தக் கூடாது. மருந்தோடு சேர்ந்துதான் நார்ச்சத்து உதவும்.