கடன் கடிதம் வந்தால் ஒளிக்க வேண்டாம்

"காசு கட்டாவிட்டால் பொலிசில் பிடித்துக் கொடுப்போம்." கடன் அறவிட வருபவர்கள் முற்றத்தில் நின்று இப்படிச் சத்தமிட்டதாக என்னிடம் சொன்ன பெண்கள் பலர். ஆம்பிளைத் துணையில்லாத வீடுகளில்தான் இந்தச் சத்தம் கூடுதலாக எழும்புகிறது.

சகோதரிகளே, கடனைக் கட்ட முடியாமற் போவது குற்றமல்ல. அது குடியியல் பிணக்கு. ஏமாற்றிப் பணம் பெற்றாலோ, கணக்கில் காசில்லாமற் காசோலை எழுதினாலோ கதை வேறு. தவணை பிந்தியதற்காகப் பொலிசார் உங்களைக் கொண்டுபோய் அடைக்க முடியாது. நிறுவனம் வேண்டுமானால் வழக்குப் போடலாம்.

அதற்கு முன்னரும் ஒரு படி உண்டு. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபையே அது. எங்கள் பக்கத்தில் இணக்கசபை என்போம். குறித்த பெறுமதிக்கு உட்பட்ட பிணக்குகளில் பெரும்பாலானவை முதலில் அங்கேதான் போகவேண்டும். தொடக்கத்தில் 25,000 ரூபாவாக இருந்த அந்த வரம்பு பின்னர் உயர்த்தப்பட்டுள்ளது. இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் அத்தகைய வழக்கை நீதிமன்றம் ஏற்காது.

சபை பெரும்பாலும் வார இறுதியில், பாடசாலை வகுப்பறையிலேயே கூடும். இரு தரப்பும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்ய, அவ்விருவரும் மூன்றாமவரைத் தவிசாளராக்குவர். சட்டத்தரணிகள் அங்கே வாதாட முடியாது. நிறுவனத்தின் பெரிய சட்டத்தரணிக்குப் பயந்திருந்த பெண்களுக்கு இது எவ்வளவு ஆறுதல் என்பதை நான் கண்டிருக்கிறேன்.

குழுக்கடனில் அயலவளுக்குப் பிணை நின்ற ஒரு சகோதரியுடன் நான் போயிருந்தேன். கடன் எடுத்தவள் ஊரை விட்டுப் போய்விட்டாள். முழுத்தொகையையும் இவளிடம் கேட்டார்கள். தனக்கு விளங்காத மொழியில் இருந்த படிவத்தில் கையெழுத்து வைத்திருந்தாள். ஆனாலும் அயலவள் விட்டுப்போன பற்றுச்சீட்டுகளை ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் பத்திரமாக வைத்திருந்தாள்! அவற்றை மேசையில் அடுக்கியபோது, கட்டிய 3 தவணைகள் நிறுவனத்தின் கணக்கில் ஏறவில்லை என்பது தெரிந்தது. அதன் பிறகு அதிகாரியின் குரல் இறங்கிவிட்டது. தாமத வட்டியை விட்டுக்கொடுத்து, மிகுதியை மாதம் 1,000 ரூபாவாகக் கட்ட எழுதிக்கொண்டார்கள்.

எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை. "கட்டத்தானே வேணும், பிள்ளை" என்று இணங்க வைக்கப் பார்க்கும் மத்தியஸ்தர்களும் உண்டு. அவர்கள் நீதவான்கள் அல்ல, தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. உங்களால் இயலாத தொகைக்குத் தலையாட்ட வேண்டாம். இணங்காவிட்டால் சான்றிதழைத் தந்து அனுப்புவார்கள், அவ்வளவுதான். அங்கே நீங்கள் சொன்னவற்றைப் பிறகு நீதிமன்றில் உங்களுக்கெதிரான சாட்சியமாகக் காட்டவும் முடியாது.

நீதிமன்ற அழைப்பாணை வந்தால் மட்டும் ஒரு நாளும் சும்மா இருக்காதீர்கள். நீங்கள் போகாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும். அந்தத் தீர்ப்பாணை கையில் கிடைத்து 14 நாட்களுக்குள், வராமல் போனதற்கான நியாயமான காரணத்தைக் காட்டி அதை நீக்கும்படி கேட்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போகலாம். போகும்போது அடையாள அட்டை, கடன் புத்தகம், எல்லாப் பற்றுச்சீட்டுகளையும் கொண்டு செல்லுங்கள். பற்றுச்சீட்டில் மை மங்கியிருந்தால் இன்றைக்கே நிழற்படப் பிரதி எடுத்து வையுங்கள்.