டீசல் வடிகட்டியை எப்போது மாற்றுவது?

மழை பெய்து நிலம் பதமாயிருக்கும் நாளில், பாதி உழவில் டிராக்டர் நின்றுவிட்டால் விவசாயிக்கு நேரும் நஷ்டம் கூலியோடு முடிவதில்லை. ஈரம் காய்ந்துவிட்டால் விதைப்பே தவறிவிடும். யந்திரம் இவ்வாறு நிற்பதற்குரிய காரணங்களுள் ஒன்று, அடைபட்ட டீசல் வடிகட்டி. அதை மாற்றுவதா, வேண்டாமா என்று முடிவு செய்யும் முறையை இங்கு கவனிப்போம்.

டாங்கியிலிருந்து வரும் டீசல், வடிகட்டியைக் கடந்தே இன்ஜெக்ஷன் பம்பை அடைகிறது. அப்பம்பினுள் மேலும் கீழும் இயங்கும் தண்டுக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் சில கூறுகளே ஆகும். கண்ணுக்குப் புலப்படாத தூசியும் அங்கே அரம்போல் தேய்த்துவிடும். வடிகட்டிக்குச் சில நூறு ரூபாய் போதும். பம்பைப் பழுது பார்க்கவோ பல ஆயிரம் வேண்டும்.

இக்காலத்து டீசல் சுத்தமானதுதானே என்று சிலர் கேட்கலாம். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மிகாதபடி குறைக்கப்பட்டிருப்பது உண்மையே. ஆயினும் தூசியும் துருவும் நாம் டீசலைச் சேமிக்கும் பீப்பாயிலிருந்தும், ஊற்றும் புனலிலிருந்தும் சேரக்கூடியவை. பாதி காலியான டாங்கியில், இரவுக் குளிரால் காற்றின் ஈரம் நீராகப் படிவதும் உண்டு.

ஆகவே, யந்திரத்துடன் வந்த கைப்புத்தகத்தில் குறித்துள்ள ஓட்ட மணிகள் நிறைவேறியதும், தொல்லை ஏதும் இல்லாவிடினும் வடிகட்டியை மாற்றிவிடுவதே சிக்கனம்.

கெடுவுக்கு முன்பே தொல்லை தோன்றினால் என்ன செய்வது? சும்மா ஓடும்போது சீராக இருந்து, கலப்பை மண்ணில் இறங்கியதும் யந்திரம் திணறினால் வடிகட்டியைச் சந்தேகிக்கலாம். ஆனால் உடனே கடைக்கு ஓட வேண்டியதில்லை. முதலில் டாங்கி மூடியைச் சிறிது தளர்த்திப் பார்ப்போம். திணறல் நீங்கினால், மூடியின் காற்றுத் துளையே அடைபட்டிருக்கிறது. கரும்புகை மிகுந்தால் காற்று வடிகட்டியை முதலில் சோதிப்போம். பிறகு யந்திரத்தை நிறுத்தி, டீசல் வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து நீரையும் கசடையும் வடித்துவிடுவோம். இதன் பின்னும் குறை தீரவில்லையெனில், கைப்பம்பை இயக்கி, வடிகட்டிக்கு முன்னும் பின்னும் டீசல் வரும் அளவை ஒப்பிடுவோம். முன்னே தாராளமாகவும் பின்னே மெல்லிய இழையாகவும் வந்தால், மாற்றுவதே முடிவு. குமிழிகள் ஓயாமல் வந்தால், குழாய் இணைப்பில் காற்று புகுகிறது. அதையே சரிசெய்ய வேண்டும்.

காகித வடிகட்டியைக் கழுவியோ, காற்றடித்தோ மீண்டும் பூட்டுவது தவறு. அதன் நுண்துளைகள் கிழிந்தால் அழுக்கு நேரே பம்பை அடையும். புதியதைப் பூட்டும்போது வாஷரையும் புதிதாக இட்டு, உள்ளே தங்கிய காற்றை முற்றும் வெளியேற்ற வேண்டும். வேலை நடக்குமிடத்தில் பீடி, நெருப்பு கூடாது. வடித்த டீசலை வாய்க்காலில் ஊற்றலாகாது.

பஞ்சாயத்துக்குச் சொந்தமான டிராக்டர், ஜெனரேட்டர் ஆகியவற்றுக்குத் தனி நோட்டு வைத்து, வடிகட்டி மாற்றிய தேதியையும் ஓடிய மணியையும் எழுதி வருவது நலம். ஓட்டுநர் மாறினாலும் கணக்கு மாறாது. மாலையில் வேலை முடிந்ததும் டாங்கியை நிரப்பி வைக்கும் வழக்கத்தையும் மேற்கொள்வோமாக. பருவம் நமக்காகக் காத்திராது. யந்திரத்தைப் பருவத்துக்கு முன்பே ஆயத்தமாக வைத்திருப்பது நம் பொறுப்பு.